மாடல் கார் எஞ்சினில் நுண்வேலை: எங்கே கோளாறு, எப்படிச் சரிசெய்வது

மாடல் கார் கிட் பெட்டியில் வருகிற பிளாஸ்டிக் எஞ்சினில் பிளாக் இருக்கும், கார்பரேட்டர் இருக்கும், ஃபேன், ரேடியேட்டர் எல்லாம் இருக்கும். வயர் இருக்காது. ஹோஸ் பாதிதான் இருக்கும். போல்ட் தலைகள் இருந்தும் இல்லாத மாதிரி மழுங்கிக் கிடக்கும். இவற்றை நாமே சேர்க்கலாம் என்று உட்காரும்போதுதான் வேலையும் வினையும் ஒன்றாக ஆரம்பிக்கின்றன. கீழே இருப்பது முதலிலிருந்து எஞ்சின் கட்டும் பாடம் இல்லை. ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், ஏதோ ஒன்று சரியாக வரவில்லை என்றால், உங்கள் எஞ்சினில் தெரிகிற அறிகுறியைத் தேடி அந்தப் பகுதியை மட்டும் படியுங்கள்.

அளவுகளை 1/24 மாடலுக்கு, அதாவது நிஜக் காரில் 24-ல் ஒரு பங்கு அளவுள்ளதற்குச் சொல்கிறேன். 1/25-க்கும் அதையே வைத்துக்கொள்ளலாம், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 1/12 கட்டுகிறவர்கள் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரு கால்குலேட்டரும் பக்கத்தில் இருக்கட்டும். என் மேசையில் வந்த கோளாறுகளில் பெரும்பாலானவை பெயிண்டாலோ பசையாலோ வந்தவை இல்லை. நிஜப் பொருளின் அளவை 24-ஆல் வகுத்துப் பார்க்காமல் கைக்குக் கிடைத்த கம்பியை எடுத்ததால் வந்தவை.

வயர் போட்ட பிறகு எஞ்சின் பொம்மை மாதிரி ஆகிவிட்டது

வயர் இல்லாத எஞ்சினைவிட வயர் போட்ட எஞ்சின் மோசமாகத் தெரிந்தால், முதலில் வயரின் தடிமனைச் சந்தேகப்படுங்கள்.

நிஜக் காரில் ஸ்பார்க் பிளக் வயர் 7 அல்லது 8 மி.மீ. விட்டம். 24-ஆல் வகுத்தால் 0.29, 0.33. அதாவது உங்களுக்கு வேண்டியது 0.3 மி.மீ. கம்பி. பழைய எலக்ட்ரானிக் சாமானிலிருந்து உருவிய 0.5 மி.மீ. வயர் கையில் பார்க்க மெல்லிசாகத்தான் இருக்கும். திருப்பி 24-ஆல் பெருக்குங்கள்: 12 மி.மீ. அப்படி ஒரு பிளக் வயர் எந்தக் காரிலும் கிடையாது. ஒரு மி.மீ. வயர் என்றால் 24 மி.மீ., அது ஹீட்டர் ஹோஸ் கணக்கு. எட்டு ஹீட்டர் ஹோஸ் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்) கிளம்பினால் எஞ்சின் எப்படித் தெரியும்?

மற்றவற்றுக்கும் இதே கணக்குதான். ரேடியேட்டர் மேல் ஹோஸ் வெளிப்பக்கம் சுமார் 40 மி.மீ. இருக்கும், மாடலில் 1.7 போடலாம். பெட்ரோல் குழாய் 8 முதல் 9.5 மி.மீ., மாடலில் 0.35 அல்லது 0.4. ஃபேன் பெல்ட்டின் அகலம் 10 மி.மீ. பக்கம், மாடலில் 0.4. எட்டு மி.மீ. போல்ட்டின் தலைக்கு 13 நம்பர் ஸ்பேனர் போடுவோம் அல்லவா, அந்தத் தலை மாடலில் அரை மி.மீ.தான்.

பொருளைப் பொறுத்தவரை என் தேர்வு ஈயக் கம்பி. தூண்டிலுக்குப் போலி ஈ கட்டுகிறவர்கள் பயன்படுத்தும் 0.3 ஈயக் கம்பி சுருளாகவே கிடைக்கும். அடுத்தது எனாமல் பூசிய செம்புக் கம்பி, மோட்டார் காயில் சுற்றுவது. தையல் நூலைத் தொடாதீர்கள். எவ்வளவு மெழுகு தடவினாலும் பிசிறு நிற்கும், பெயிண்ட் ஏறியதும் கம்பளிப்பூச்சி ஆகிவிடும். மீன்பிடி நரம்பு வளைத்தபடி நிற்காது.

0.3 கிடைக்கவில்லை என்றால் 0.25-க்குப் போங்கள், 0.4-க்கு வராதீர்கள். ஏற்கெனவே தடித்த வயரை ஒட்டியாகிவிட்டது என்றால் கறுப்படித்து மறைக்கப் பார்ப்பது வீண். பிடுங்கிவிடுங்கள். ஆனால் அந்த 0.5 வயரைக் குப்பையில் போடவேண்டாம், பின்னால் வேலை இருக்கிறது.

டிஸ்ட்ரிபியூட்டரில் துளை போடும்போது பிளந்துவிடுகிறது

பலர் கைவிடும் இடம் இது. வி8, அதாவது இரண்டு பக்கமும் நான்கு நான்காக எட்டு சிலிண்டர் உள்ள எஞ்சினின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் பிளக்குகளுக்கு எட்டு, நடுவில் இக்னிஷன் காயிலுக்கு ஒன்று, ஆக ஒன்பது துளை. நிஜ மூடி சுமார் 100 மி.மீ. அகலம் என்றால் உங்கள் கையில் இருப்பது 4 மி.மீ., மிளகளவு.

பிளப்பதற்கு முதல் காரணம், மூடியின் மேல் வார்த்திருக்கும் குமிழ்களிலேயே துளை போடப் பார்ப்பது. அந்தக் குமிழே அரை மி.மீ. தேறாது. அதில் 0.35 பிட்டை இறக்கினால் சுற்றுச்சுவர் எப்படி நிற்கும்? குமிழ்களைப் புது பிளேடால் சீவிவிடுங்கள். மெல்லிய உப்புத்தாளில் இரண்டு தேய்ப்பு, முகம் தட்டையாகட்டும். துளை அந்தத் தட்டையில்தான். போன குமிழ் பிறகு வயர் முனையின் ரப்பர் உறையாக (பூட்) திரும்பி வந்துவிடும்.

இரண்டாவது காரணம் பிடிமானம். டிஸ்ட்ரிபியூட்டரை ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டி எடுத்து விரல் நுனியில் வைத்துக்கொண்டு துளை போடுகிறார்கள். வெட்டாதீர்கள். அந்தச் சட்டம்தான் கைப்பிடி. துளை எல்லாம் முடிந்த பிறகு வெட்டலாம்.

அப்புறம் குறி போடும் வரிசை. நடுப்புள்ளி முதலில். பிறகு கடிகாரத்தில் 12, 6, 3, 9 இருக்கும் இடங்கள். கடைசியில் இடையில் நான்கு. ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே போனால் எட்டாவது புள்ளிக்கு இடம் இருக்காது, அல்லது இரண்டு புள்ளிக்கான இடம் மிச்சம் இருக்கும். பூதக்கண்ணாடியின் கீழ் ஊசி முனையால் ஒவ்வொரு இடத்திலும் சின்னக் குழி வையுங்கள். குழி தப்பிவிட்டால் அதன் பக்கத்திலேயே இன்னொன்று குத்தாதீர்கள். பிட் வழுக்கிக்கொண்டு பழைய குழிக்குத்தான் போகும். முகத்தை மறுபடி தேய்த்துச் சமமாக்கிவிட்டு முதலிலிருந்து வாருங்கள்.

துளைக்கு பின் வைஸ் (பிட்டைப் பிடித்து விரலால் சுற்றும் கைக்கருவி) மட்டும்தான். மோட்டார் டிரில் வேண்டவே வேண்டாம். அதன் வேகத்தில் பாலிஸ்டைரீன் சூடாகி இளகி, பிட்டைச் சுற்றிக்கொண்டு முறுகும். பிட் நுனியை மெழுகிலோ சோப்பிலோ தொட்டுக்கொண்டு, கையால் இரண்டு சுற்று, வெளியே எடு, தூளை ஊது, மறுபடி இரண்டு சுற்று. ஆழம் ஒரு மி.மீ. போதும். கைவேலைக்கு ஸ்டீல் பிட் நல்லது. கார்பைடு கூர்மைதான், ஆனால் கை கொஞ்சம் சாய்ந்தாலும் சட்டென்று ஒடிந்து துளைக்குள்ளேயே தங்கிவிடும்.

ஒருமுறை எட்டு துளையும் முத்து முத்தாக விழுந்தன. ஒன்பதாவதில் தும்மல். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. மூடி இரண்டாகப் பிளந்தது. கோபத்தில் 4 மி.மீ. பிளாஸ்டிக் ராடை எடுத்து, அதன் நுனியிலேயே ஒன்பது துளையையும் போட்டு, பிறகு மூடி உயரத்துக்கு வெட்டிக்கொண்டேன். கிட்டில் வந்ததைவிட அது வட்டமாக இருந்தது. இப்போதெல்லாம் கிட் மூடியைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

குறுக்குவழியும் ஒன்று இருக்கிறது. உள்விட்டம் ஒன்றரை மி.மீ. உள்ள அலுமினியக் குழாயில் சின்னத் துண்டு நறுக்கி, ஒன்பது வயரையும் கட்டாக அதில் செருகி, மூடியின் நடுவில் ஒட்டிவிடுவது. மேலிருந்து பார்த்தால் துடைப்பம் மாதிரி இருக்கும். பெரிய ஏர் கிளீனர் மேலே வந்து மறைக்கும் எஞ்சினுக்கு மட்டும் இது செல்லும்.

வயர் அளவு சரி, ஆனாலும் ஏதோ இடிக்கிறது

எஞ்சின் தெரிந்தவர்கள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்: மூடியின் இடப்பக்க நான்கு வயரும் இடது பேங்குக்கு (சிலிண்டர் வரிசைக்கு), வலப்பக்க நான்கும் வலது பேங்குக்கு, வகிடு எடுத்துச் சீவின மாதிரி. நிஜ எஞ்சின் அப்படி ஓடாது. மூடியில் வயர்கள் நிற்பது சிலிண்டர் இருக்கும் வரிசையில் இல்லை, தீப்பொறி விழும் வரிசையில்.

மாடல் கிட்டுகளில் அதிகம் வருகிற ஷெவ்ரலே ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். வரிசை 1-8-4-3-6-5-7-2. மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்று. காருக்குள் உட்கார்ந்து முன்னால் பார்க்கிறவருக்கு இடது பேங்கில் முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7, வலதில் 2, 4, 6, 8. ஆக மூடியைச் சுற்றி வயர்கள் போகும் பக்கம்: இடம், வலம், வலம், இடம், வலம், இடம், இடம், வலம். டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பின்பக்கம், ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தடுப்பு) ஓரமாக இருக்கும். பழைய ஃபோர்டு 302 என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம், சுற்று எதிர்த்திசை, வரிசை 1-5-4-2-6-3-7-8, எண்களும் வேறு மாதிரி: வலது பேங்கில் 1 முதல் 4, இடதில் 5 முதல் 8. இன்லைன் நான்கு சிலிண்டரில் பெரும்பாலும் 1-3-4-2. இன்லைன் ஆறில் 1-5-3-6-2-4. கிறைஸ்லரின் 426 ஹெமியில் பிளக்குகள் பக்கவாட்டில் இல்லை. வயர் வால்வு கவரின் நடுவில் நேராக உள்ளே இறங்கும். இது தெரியாமல் பக்கத்தில் துளை போட்டுவிட்டு முழித்தவர்கள் உண்டு.

வரிசையை யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். எண்ண மாட்டார்கள். ஆனால் வரிசைப்படி போட்டால் வயர்கள் தாமாகவே ஒன்றையொன்று தாண்டி, ஒன்று மேலே ஒன்று கீழே என்று போகும். அந்தச் சிக்கல்தான் கண்ணுக்கு உண்மையாகப் படுகிறது. நீங்களாகக் கலைத்துவிட்டால் அது வராது. நான் பல்குச்சியில் எண் எழுதிய சின்ன டேப் துண்டுகளை ஒவ்வொரு வயரின் நுனியிலும் சுற்றிவிடுவேன், பிளக்கில் சேர்ந்ததும் கழற்றிவிடலாம்.

ஷெவ்ரலேயில் இன்னொரு நுணுக்கம். 5-ம் 7-ம் அடுத்தடுத்த சிலிண்டர்கள், அடுத்தடுத்து தீப்பிடிப்பவை. இரண்டு வயரும் ஒட்டி ஓடினால் ஒன்றின் மின்னோட்டம் மற்றதில் தூண்டப்படலாம் என்பதால் மெக்கானிக்குகள் அவற்றைப் பிரித்துத்தான் விடுவார்கள். மாடலிலும் அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விட்டுப் பாருங்கள்.

வயர் வளைத்த இடத்தில் நிற்காமல் பிடுங்கிக்கொள்கிறது

செம்புக் கம்பி என்றால் அது இன்னும் விறைப்பாக இருக்கிறது. ஒரு நொடி நெருப்பில் காட்டி ஆறவிட்டால் தளர்ந்துவிடும். எனாமல் கருகும், உப்புத்தாளால் துடைத்துவிட்டுப் பெயிண்ட் அடிக்கவேண்டியதுதான். ஈயத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை. வளைத்தால் வளைத்தபடி கிடக்கும். ஆனால் ஈயம் ஈயம்தான். பல்லால் கடித்து வெட்டாதீர்கள், வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வரிசையும் முக்கியம். டிஸ்ட்ரிபியூட்டர் முனையில் ஒன்பதையும் முதலில் ஒட்டி ஒரு இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் பின்பக்க வயர்களில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக, பிரஷ் காம்பின் மேல் வளைத்து வளைவு கொடுத்து, பிளக் வரை கொண்டுபோய், அங்கே வந்த பிறகு நீளம் பார்த்து வெட்டுங்கள். முன்கூட்டியே எட்டையும் ஒரே நீளத்தில் நறுக்கி வைத்தவர்களுக்குத்தான் பாதி வயர் எட்டாமல் போகிறது.

பெயிண்ட் உரிகிறதா? அடித்த பிறகு வளைத்திருப்பீர்கள். வளைத்துவிட்டு அடியுங்கள், அதற்கு முன் மெட்டல் பிரைமர் ஒரு தொடு.

பூட் என்கிற முனை உறைக்கு, முதலில் ஒதுக்கிய அந்த 0.5 வயரை எடுங்கள். உள்ளே இருக்கும் கம்பியை உருவிவிட்டு உறையை ஒன்றரை மி.மீ. துண்டுகளாக நறுக்கி, பிளக் வயரின் முனையில் ஏற்றுங்கள். துவாரம் இறுக்கமாக இருந்தால் ஊசியால் கொஞ்சம் விரித்துக்கொள்ளலாம். நிஜ முனை உறையும் வயரைவிடக் கொஞ்சம் பருமனாகத்தான் இருக்கும். இங்கே தடிமன் நமக்குச் சாதகம்.

ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளைப் புகை படிந்திருக்கிறது

சூப்பர் குளூவின் வேலை. அது காய்கிறபோது எழும் ஆவி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகி, பக்கத்தில் இருக்கும் பரப்பில் வெள்ளையாக உட்காருகிறது. கறுப்பிலும் குரோமிலும் அப்பட்டமாகத் தெரியும். பசை அதிகமாக வைத்து, மூடிய டப்பாவுக்குள் காயவிட்டால் நிச்சயம் வரும்.

வந்துவிட்டதை, மினரல் ஆயில் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்துப் பாருங்கள். பெயிண்ட் அடித்த பரப்பு என்றால் அந்த இடத்துக்கு மட்டும் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். இனிமேல் வராமல் இருக்க, பசையை டியூபிலிருந்து நேராக வைக்காதீர்கள். ஒரு சொட்டைத் தட்டில் விட்டு, ஊசி முனையில் தொட்டு வையுங்கள். காற்றோட்டமாகக் காயட்டும். பாரம் தாங்க வேண்டியதில்லாத இடங்களில் வெள்ளைப் பசையே போதும், அது காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பிளக் முனைகளுக்கு நான் அதைத்தான் வைக்கிறேன்.

குரோம் பாகங்கள் மட்டும் தனியாகக் கத்துகின்றன, ஒட்டவும் மாட்டேன் என்கின்றன

இரண்டும் ஒரே காரணம். பிளாஸ்டிக்கின் மேல் வார்னிஷ், அதன் மேல் வெற்றிடத்தில் படியவைத்த அலுமினியப் படலம். பிளாஸ்டிக் பசை பிளாஸ்டிக்கை இளக்கித்தான் ஒட்டும். படலத்தை அது தொடக்கூட முடியாது. ஒட்டும் முகங்களை மட்டும் பிளேடால் சுரண்டினால் ஒட்டிக்கொள்ளும்.

தோற்றத்துக்கு, எதை குரோமாக விடுவது என்று முடிவெடுங்கள். வால்வு கவர், ஏர் கிளீனர் மூடி, சரி. ஆல்டர்னேட்டரும் ஆயில் பேனும் குரோமாக வந்திருந்தால் உரித்துவிடுங்கள். வீட்டு ப்ளீச்சில் போட்டால் அலுமினியம் கரைந்து போகும், சில பாகங்களுக்குச் சில நிமிடம், சிலவற்றுக்குச் சில மணி நேரம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள், ப்ளீச்சோடு வேறு எந்தக் கழுவும் திரவத்தையும் கலக்காதீர்கள். குரோம் போன பிறகும் அடியில் வார்னிஷ் இருக்கும், போல்ட் தலைகளை மழுக்கி வைத்திருப்பது அதுதான். நன்றாகக் கழுவிவிட்டு, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள்.

எல்லாம் ஒரே வெள்ளியாகத் தெரிகிறது

ஒரு டப்பா வெள்ளி பெயிண்டை வைத்துக்கொண்டு கியர்பாக்ஸ், இன்டேக், கார்பரேட்டர், ஆல்டர்னேட்டர் என்று எல்லாவற்றுக்கும் அடித்தால் அப்படித்தான் ஆகும். எஞ்சினில் ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு நிறம். வார்ப்பு அலுமினியம் வெளிறின, மங்கலான சாம்பல் வெள்ளி. ஸ்டீல் அதைவிட இருட்டு. பெயிண்ட் இல்லாத வார்ப்பிரும்பு பழுப்பு கலந்த சாம்பல், சீக்கிரமே துருவுக்குப் போய்விடும். ஹோலி கார்பரேட்டர்களில் டைகுரோமேட் பூச்சால் வருகிற மங்கின தங்க நிறம் உண்டு. அதை ஒன்று மட்டும் சரியாகப் பிடித்துவிட்டால் எஞ்சினின் மேல்பகுதி முழுக்க எடுப்பாகிவிடும்.

நான்கு டப்பா வாங்கவேண்டியதில்லை. ஒரே அலுமினிய பெயிண்டில் ஒரு பகுதிக்குத் துளி கறுப்பு, ஒன்றுக்குத் துளி பழுப்பு, ஒன்றுக்குத் துளி மஞ்சளும் பழுப்பும். பளபளப்பையும் மாற்றுங்கள், ஒன்று மேட், ஒன்று அரைப் பளபளப்பு. பெயிண்டில் உள்ள உலோகத் துகளையும் கவனியுங்கள். துகள் பெரிதாக இருந்தால் 1/24-ல் அது ஜிகினா. மெல்லிய துகள் உள்ளதாகப் பாருங்கள்.

பிளாக்கின் நிறமும் இங்கே சேர்த்தி. பல அமெரிக்க வி8 எஞ்சின்களைத் தொழிற்சாலையில் பூட்டிய பிறகே பெயிண்ட் அடித்தார்கள். ஷெவ்ரலே ஆரஞ்சும், 1966-லிருந்து வந்த ஃபோர்டு நீலமும் அப்படி வந்தவைதான். ஆகவே போல்ட் தலைகளை ஒவ்வொன்றாக வெள்ளியடித்து மினுக்கினால் அது தொழிற்சாலை எஞ்சின் இல்லை. யாரோ கழற்றிப் பூட்டிய எஞ்சின் என்று காட்ட நினைத்தால் மட்டும் அங்கங்கே ஒன்றிரண்டு.

எக்ஸாஸ்ட் ஹெடரில் (சிலிண்டர்களிலிருந்து புகையை வெளியேற்றும் ஸ்டீல் குழாய்கள்) வானவில் வரைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சூட்டு நிறம் வர்ணஜாலம் இல்லை, அதற்கு வரிசை உண்டு. அதிகம் சூடாகும் சிலிண்டர் ஹெட் பக்கம் நீலம், அடுத்து ஊதா, அப்புறம் வைக்கோல் மஞ்சள், பிறகு வெறும் ஸ்டீல். ஒவ்வொன்றும் ஒளி ஊடுருவும் பெயிண்டில் மெல்லிய படலம். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுக்கு இந்த நீலமெல்லாம் வேண்டாம், துரு போதும்.

வாஷ் அடித்ததும் திட்டுத் திட்டாகிவிட்டது, அடியில் உள்ள பெயிண்டும் வந்துவிட்டது

வாஷ் என்பது இடுக்குகளில் ஓடவிடும் நீர்த்த பெயிண்ட். இங்கே இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. திட்டு வருவது பரப்பு மேட்டாக இருப்பதால். மேட் பெயிண்ட் உறிஞ்சும் காகிதம் மாதிரி, வாஷ் விழுந்த இடத்திலேயே ஊறி ஓரத்தில் வளையமாகக் காயும். முதலில் பளபளப்பு வார்னிஷ், பிறகு வாஷ், கடைசியில் மேட். வாஷை முழு எஞ்சினிலும் குளிப்பாட்டாமல், பிரஷ் நுனியால் போல்ட்டைச் சுற்றியும் ஃபின்களின் இடுக்கிலும் தொட்டுவிடுங்கள், தானே ஓடிப் பிடித்துக்கொள்ளும்.

அடிப் பெயிண்ட் கரைவது, இரண்டும் ஒரே கரைப்பானில் கரைபவை என்பதால். எனாமல் மேல் எனாமல் வாஷ் போட்டால் அடியிலிருப்பதையும் கூட்டிக்கொண்டு வரும். அக்ரிலிக் பெயிண்ட், அதன் மேல் எனாமல் வாஷ் என்பதுதான் பழக்கமான ஜோடி. காய்ந்த பிறகு, மிஞ்சியதை மினரல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக் குச்சியால் எடுத்துவிடலாம், அக்ரிலிக் அசையாது.

மூன்றாவதாக ஒன்று, அரிது, ஆனால் கொடுமை: மறுநாள் பார்த்தால் பாகம் விரிசல் விட்டிருக்கும். எனாமல் தின்னர், இறுக்கிப் பொருத்திய பெயிண்ட் இல்லாத இடுக்கில் தேங்கினால் பிளாஸ்டிக்கைப் பிளக்கும். உள்பக்கமும் பிரைமர் அடித்து வையுங்கள், வாஷைத் தேங்க விடாதீர்கள். வாஷுக்கு அப்புறம் வெளிறின சாயலில் ஒரு டிரை பிரஷ். பிரஷ்ஷில் பெயிண்ட் இருக்கிறதே தெரியாத அளவு துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும்.

பிளாக் பிளாஸ்டிக் மாதிரியே இருக்கிறது

நிஜ பிளாக் மணல் அச்சில் வார்த்தது, சொரசொரப்பாக இருக்கும். பெட்டி பிளாக் வழுவழு. திரவ பிளாஸ்டிக் பசையை ஒரு சின்னப் பரப்பில் தடவி, இளகினதும் விறைப்பான பழைய பிரஷ்ஷின் நுனியால் குத்திக் குத்தி எடுங்கள். நன்றாகக் காயட்டும், பிறகு உப்புத்தாளால் லேசாக ஒரு தடவல். மொத்தமாகச் சொரசொரப்பாக்கிவிடாதீர்கள். வால்வு கவரும் ஆயில் பேனும் தகட்டில் அழுத்தியவை, அவை வழுவழுப்பாகவே இருக்கவேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போதுதான் வார்ப்பு வார்ப்பாகத் தெரியும். இதற்கெல்லாம் முன், பாதிகளை ஒட்டிய கோட்டையும் அச்சுக் கோட்டையும் தேய்த்து எடுத்திருக்கவேண்டும். கியர்பாக்ஸின் நடுவில் ஓடும் அந்தக் கோடு எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் போகாது.

போல்ட் தலைகள் பறந்துவிடுகின்றன, ஒட்டினால் பசையில் மூழ்கிவிடுகின்றன

அறுகோண பிளாஸ்டிக் ராடிலிருந்து நறுக்கும்போது ராடின் நுனியை மாஸ்கிங் டேப்பின் பசைப்பக்கத்தில் படுக்கவைத்து நறுக்குங்கள். துண்டு டேப்பிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். இடுக்கியில் பிடித்தால் அது புல்லட். பல்குச்சி நுனியில் மெழுகு தடவி, அதில் ஒட்டவைத்துத் தூக்குங்கள். பசையைத் துண்டில் வைக்காதீர்கள். துண்டை இடத்தில் வைத்துவிட்டு, திரவப் பசை தொட்ட மெல்லிய பிரஷ்ஷை ஓரத்தில் காட்டினால் அடியில் தானே உறிஞ்சிக்கொள்ளும். முன்பு சொன்ன அரை மி.மீ. கணக்கை மறக்கவேண்டாம். ஒரு மி.மீ. தலை ஒட்டினால் அது லாரிச் சக்கர போல்ட். அறையில் ஓடும் ஃபேனை நிறுத்திவிட்டு வேலைக்கு உட்காருங்கள்.

பெல்ட், ஹோஸ்

கிட்டில் பெல்ட்டும் புல்லியும் ஒன்றாக வார்த்திருக்கும். நிறத்தால் பிரித்தாலே போதும். பெல்ட்டுக்கு அட்டைக் கறுப்பு வேண்டாம், கறுப்பில் கொஞ்சம் வெள்ளை கலந்த மேட் சாம்பல். ரப்பர் எல்லாவற்றுக்கும் இதே நிறம்தான். ரேடியேட்டர் ஹோஸ் வளைவில் நசுங்கினால் உள்ளே சால்டரிங் ஈயத்தைச் செருகி வளையுங்கள். கிளாம்ப்புக்கு அரை மி.மீ. அகலத்தில் நறுக்கிய அலுமினியத் தாள் ஒரு சுற்று.

கண்ணுக்கு நன்றாக இருக்கிறது, போட்டோவில் அசிங்கமாக இருக்கிறது

போட்டோ சரியாகத்தான் சொல்கிறது. பிரஷ் முடி, பசை நூல், பெயிண்ட் விடுபட்ட துளை ஓரம் எல்லாம் கண்ணுக்குத் தப்பி கேமராவில் சிக்கும். எஞ்சினைக் காரில் இறக்கும் முன்பே நாலு பக்கமும் ஃபோனில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இறக்கிய பிறகு அங்கே பிரஷ் போகாது.

பானெட் மூடவில்லை

கடைசியில்தான் தெரியும், ஆனால் முதலிலேயே பார்த்திருக்கவேண்டிய விஷயம். எங்கே முட்டுகிறது என்று ஊகிக்காதீர்கள். ஏர் கிளீனர் மேல், டிஸ்ட்ரிபியூட்டர் மேல், ரேடியேட்டர் ஓரத்தில் என்று மூன்று இடத்தில் மிருதுவான களிமண் உருண்டை வைத்து, பானெட்டை மெல்ல அழுத்தி மூடித் திறவுங்கள். உருண்டை காகிதமாக நசுங்கிய இடம்தான் குற்றவாளி. மற்ற இடங்களில் எவ்வளவு தடிமன் மிச்சம் என்று பார்த்தால் எத்தனை மி.மீ. இடம் இருக்கிறது என்பதும் தெரியும்.

ஏர் கிளீனர் என்றால் அதன் அடியைத் தேய்த்துக் கீழே இறக்கலாம், மேல்முகத்தைத் தொடாதீர்கள். காயில் வயர் மேலே வில்லாக எழும்பியிருந்தால் பக்கவாட்டில் சாய்த்துவிடுங்கள், நிஜத்திலும் அது பானெட்டில் உரசும்படி யாரும் விடமாட்டார்கள். மொத்த எஞ்சினே உயரமாக உட்கார்ந்திருக்கிறது என்றால் மவுண்டுகளின் அடியில் அரை மி.மீ. தேய்க்கவேண்டும். தேய்த்த பிறகு ஃபேனின் நடு ரேடியேட்டர் நடுவோடு ஒத்துப்போகிறதா, எக்ஸாஸ்ட் குழாய் அடியில் இன்னும் சேர்கிறதா என்று பார்த்துக்கொண்டு அப்புறம் ஒட்டுங்கள்.